ஏணி வேண்டாத வாசிகசாலை

ரபாயேல் ஏணியின் முதற்படியில் ஒரு காலை வைத்தார், எடுத்தார், ஏணியைச் சுற்றி ஒரு வலம் வந்தார். பிறகு, பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத்தையெல்லாம் காலி செய்துவிட்டுக் குறை சொல்லும் மாமியாரின் முகத்தோடு, "இது ஆடுது" என்றார்.

"ஏணி ஆடல்ல ரபாயேல். நீங்கதான் புடிச்சி ஆட்டுறீங்க," என்றார் பலீல் ஹாஜியார்.

மாத்தளைக் கடைவீதியில் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடையில் ஒரு வாரமாக நடக்கும் கூத்து இது. அன்று பார்த்தது ஒன்பதாவது ஏணி. முதலாவது அலுமினியம். அதைச் சுண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, வாசிகசாலை ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றில் கண்டி வரைக்கும் பறந்துவிடும் என்று தள்ளினார். இரண்டாவது இரும்பு. அதை நகர்த்த நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்க எட்டுப் பேர் வேண்டும் என்றார். மூன்றாவதுக்குப் பச்சைப் பெயின்ட், நான்காவதுக்கு நீலம், ஐந்தாவதுக்குச் சிவப்பு. மூன்றுமே கட்சி நிறம். தேர்தல் வந்தால் வாசிகசாலைக்குக் கல் விழும். ஆறாவது, பலாபத்வலைப் பக்கம் மிளகு பறிக்கிறவர்கள் கொடியில் சாத்தி ஏறும் ஒற்றை மூங்கில். "புத்தகம் என்ன கொடியிலயா காய்க்குது?" என்று கேட்டார். ஏழாவதுக்குப் பதின்மூன்று படி. எண்ணி முடித்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

எட்டாவது நல்ல ஏணி. ஒரு குறையும் சொல்ல முடியாது. அதைத்தான் அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "இன்னொன்னு காட்டுங்க ஹாஜியார்" என்றார்.

ஹாஜியார் ஒன்பதாவது ஏணியை மடக்கிச் சுவரில் சாத்தினார். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்.

"ரபாயேல், கூட்டாளியா சொல்றேன். ஒங்க வீட்டு மதலேனா அம்மா மௌத்தாகிப் பத்து மாசம். புதுசா வந்த அந்தப் புள்ள கிருஷாந்தினி வாசிகசாலையில உக்காருற வாங்குக்கு மேல கதிரையப் போட்டு ஏறி விழுந்து, காலச் சுளுக்கிக்கிட்டு நிக்கிது. நான் தலைவரா இருந்துக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டு இருக்க ஏலாது. சனிக்கிழமைக் கூட்டத்துக்குள்ள ஒன்னு ஏணி வரணும். இல்லாட்டி இருளாண்டி பாஸைக் கூப்புட்டு புத்தக அலுமாரி மேல் தட்டை அறுத்து எடுத்துருவோம்."

"அறுக்கிறதா? மொதல்ல என் மேல வாளை வைக்கச் சொல்லுங்க!"

"ஒங்கள்ல அறுக்க என்ன இருக்கு? இருக்கிறதே அஞ்சடி."

"அஞ்சடி ஒன்னு!" என்று உறுமிவிட்டு ரபாயேல் வெளியே இறங்கினார். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மாத்தளையில் மதலேனாவை விட உயரமானவை இரண்டே இரண்டு. ஒன்று முத்துமாரியம்மன் கோவில் கோபுரம். மற்றது ரபாயேல் தன் மனைவியைப் பற்றிப் பேசும் பேச்சு.

ரபாயேல் முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். அந்தப் பாதை மாத்தளையோடு முடிந்துபோவதற்கு, அதற்கு மேல் அவர் பேச்சைத் தாங்கிக்கொண்டு பயணம் செய்ய ஆள் கிடைக்காததுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் அவர் தலை தெரியாது, குரல் மட்டும் வரும். கண்டிக்கு ஒரு டிக்கெட் கேட்டவருக்கு, டிக்கெட்டோடு மதலேனாவின் உயரமும் கிடைக்கும். கல்யாணத்தன்று மணமகள் தலை தட்டி மாதா கோவில் விளக்கு இரண்டு நாள் ஆடியது. அவள் முருங்கைக்காய் பறிக்க வாசலுக்கு வந்தால் மரம் தானே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். வாடகை வீடு பார்க்கப் போனால் சொந்தக்காரன் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். வருஷத்துக்கு வருஷம் மதலேனா வளர்ந்தாள். அறுபது வயதில் ஆறடி இரண்டு அங்குலத்தில் வந்து நின்றாள். பிள்ளை இல்லாத வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

இந்தக் கதையெல்லாம் காதில் விழும்போது மதலேனா அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைப்பாள். "போதும் ரபேல். வானத்துல முட்டிக்கப் போறேன்" என்பாள். ஒரு நாளும், "இல்லை, அவ்வளவு இல்லை" என்று சொன்னதில்லை.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியிலிருந்த பழைய மிளகு ஸ்டோரை வாசிகசாலையாக்கினார்கள். ரபாயேல் செயலாளர், பலீல் ஹாஜியார் தலைவர், மதலேனா நூலகர். கூரை உயரம், இடம் குறைவு. ஆகவே அலுமாரியை மேல் நோக்கித்தான் கட்ட வேண்டும். தச்சு வேலைக்கு வந்த இருளாண்டி பாஸ், காதில் பென்சிலோடு நின்று, "எவ்வளவு ஒசரத்துக்குங்க ஐயா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு அம்மா கை எட்டுற ஒசரத்துக்கு," என்றார் ரபாயேல்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேரே வந்த மதலேனா சுவரோடு நின்று கையைத் தூக்கினாள். பாஸ் விரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டார். உலகத்தில் எந்த வாசிகசாலை அலுமாரிக்கும் ஒருத்தியின் கை அளவுகோலாக இருந்திருக்காது. வேலை முடிந்தபோது, தட்டுகளில் மிஞ்சிய பலாப் பலகையில் இருளாண்டி பாஸ் தன் பாட்டுக்கு ஓர் ஏணியும் செய்து கொண்டுவந்தார். ரபாயேல் அதை வாசற்படி ஏற விடவில்லை. திறப்பு விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அதைத் திருப்பி அனுப்பிய கதையையும் சேர்த்து முழங்கினார்:

"மதலேனா இருக்கிற வரைக்கும் இந்த வாசிகசாலைக்கு ஏணி வேண்டாம்!"

கைதட்டல் பல மைல் தள்ளி நாலந்தா ஊர் வரைக்கும் கேட்டது என்பார். அந்த வசனத்தை அவர் அதற்குப் பிறகு சுமார் பத்தாயிரம் தடவை சொன்னார். வாசிகசாலையில் வாசலைப் பார்த்தபடி அவருக்கு ஒரு கதிரை உண்டு. வருகிறவர்களை அதிலேயே மடக்கிப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலுமாரியைக் கட்டை விரலால் காட்டிச் சொல்வார். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை.

போன வருஷம் அவள் முதுகெலும்பு நொறுங்கிவிட்டது என்று கண்டியில் டாக்டர் சொன்னார். எத்தனை வருஷமாக நோவு என்று அவர் கேட்டதற்கு, "கொஞ்ச நாளாத்தான்" என்றாள் மதலேனா. ஏழு வாரத்தில் போய்விட்டாள்.

சவப்பெட்டிக்கு அளவு கேட்டபோது ரபாயேல் ஆறடி மூன்று என்றார். இறந்தவளுக்கு ஓர் அங்குலம் கூட்டிக் கொடுத்தார். பெட்டி வந்தது. அதில் மதலேனாவை வைத்தபோது கால் பக்கம் முக்கால் முழம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே வெள்ளைத் துணியைச் சுருட்டி அடைத்து, மேலே பூவைப் பரப்பினார்கள். கோவில் வாசலில் வைத்து ரபாயேல் பெட்டிக்காரர்களைப் பிடித்து, "அளவு தெரியாதவனுங்க! ரெண்டு பேருக்குப் பெட்டி செஞ்சிருக்கானுங்க!" என்று கத்தினார். அழ வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் சிலருடைய தோள் குலுங்கியது, அது அழுகையில்லை.

அதுதான் விஷயம். ஏணி ஒன்று அந்த வாசலுக்குள் நுழைந்தால், மதலேனா இல்லை என்று வாசிகசாலையே கையெழுத்துப் போட்டதாகிவிடும். தட்டை அறுத்தால், அவள் கை எட்டிய இடமே இல்லாமல் போய்விடும். இரண்டில் ஒன்றை அவர் சனிக்கிழமைக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால்தான் ஒன்பது ஏணியும் ஆடின.

வாசிகசாலையில் கிருஷாந்தினி வலது கணுக்காலில் கட்டோடு, ஒரு காலால் நொண்டி நொண்டிப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். மதலேனாவுக்குப் பிறகு வந்த நூலகர், இருபத்தாறு வயது, ரபாயேலை விட ஓர் அங்குலம் குறைவு. அதற்காகவே அவருக்கு அவளைப் பிடிக்கும்.

"ஏணி வந்திருச்சா அங்கிள்?"

"பாத்துக்கிட்டு இருக்கேம்மா. ஏணின்னா சும்மாவா?"

"ஏணி வாங்காட்டியும் பரவால்ல. நான் விழுந்தாப் புடிக்க ஒரு ஆளை வாங்கித் தாங்க. கொஞ்சம் ஒசரமா, கவர்மெண்ட் வேலையில இருந்தா நல்லது."

ரபாயேல் சிரித்துவிட்டார். பத்து மாதத்தில் அது மூன்றாவதோ நான்காவதோ சிரிப்பு. கிருஷாந்தினி அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்து, மேசை லாச்சியை இழுத்துப் புத்தகம் இரவல் கொடுக்கும் நீளப் பதிவேட்டை எடுத்தாள்.

"கோவிக்காதீங்க அங்கிள். பலாபத்வலையில இருந்து ஒருத்தர் வருவாரே, மிளகுத் தோட்டக்காரர்? மிளகுச் செய்கைப் புத்தகத்தை நாலு வருஷமாக் கேக்குறாராம். எப்பவும் வெளியில போயிருக்குன்னு ஆன்ட்டி சொல்லியிருக்காங்க. யார்கிட்ட இருக்குன்னு இன்னைக்குத்தான் தேடிப் பாத்தேன்."

"யார்கிட்ட?"

"ஒங்ககிட்ட."

ரபாயேல் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். மதலேனாவின் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் பூசைக்குப் போகிற மாதிரி நேராக நின்றது. மிளகுச் செய்கை. எடுத்தவர்: ரபாயேல். திருப்பிய திகதி: ஒன்றும் இல்லை. கிருஷாந்தினி பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். கோழி வளர்ப்பு, எடுத்தவர் ரபாயேல். சுருக்கெழுத்துப் பயிற்சி, எடுத்தவர் ரபாயேல். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வீட்டு வைத்தியம், எடுத்தவர் ரபாயேல். மொத்தம் பதினேழு புத்தகம். முதலாவது நாலு வருஷத்துக்கு முன்னால், கடைசி அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய வாரம்.

"எனக்கு எதுக்கும்மா பிள்ளைத்தாய்ச்சி வைத்தியம்?" ரபாயேலுக்குக் காது சிவந்துவிட்டது. "நான் இந்த வாசிகசாலைய ஆரம்பிச்சவன். வாசிச்சவன் இல்ல. ஊரே சாட்சி சொல்லும். ஒரு புத்தகமும் நான் எடுக்கல."

"பதினேழும் மேல் தட்டுப் புத்தகம் அங்கிள்."

அவள் அலுமாரியைக் காட்டினாள். ரபாயேல் கதிரையில் உட்காராமல், நின்றபடி, முதல் தடவையாக முழுசாகத் திரும்பி மேல் தட்டைப் பார்த்தார். கிழவியின் வாயில் பல் போன மாதிரி அங்கங்கே இடைவெளி விட்டு நின்றது.

அன்று மாலை அவர் வீட்டில் மதலேனாவின் அலுமாரியைத் திறந்தார். பத்து மாதமாக அதன் சாவி மாதா சுரூபத்தின் காலடியில் கிடந்தது. பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். பழுப்பு நிறப் பட்டு, அவர் பென்சனான வருஷம் எடுத்தது. ஊதா நூல் சேலை, கடைசிக் கிறிஸ்மஸுக்கு உடுத்தது. அதற்கும் அடியில், பழைய பத்திரிகையில் சுற்றி நூலால் கட்டிய மூன்று பொதிகள் இருந்தன.

பதினேழு புத்தகமும் இருந்தன.

எல்லாவற்றிலும் ஒரே காயம். முதுகின் மேல் நுனியில், அட்டை கிழிந்திருந்தது. ஏதோ வளைந்த ஒன்றை மாட்டிக் கீழே இழுத்த மாதிரி. கிழிந்த இடத்தில் மதலேனா மெல்லிய காகிதத்தைப் பசை வைத்து ஒட்டியிருந்தாள். குழந்தையின் முழங்காலுக்கு மருந்து போட்ட மாதிரி அத்தனை கவனம்.

ரபாயேல் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து கதவுக்குப் பின்னால் போனார். அங்கே மதலேனாவின் குடை தொங்கியது. பெண்கள் பிடிக்கும் சின்னக் குடையில்லை. வளைந்த மரப் பிடி போட்ட நீளமான ஆம்பிளைக் குடை. கடைசி மூன்று வருஷமும் அதில்லாமல் அவள் வாசிகசாலைக்குப் போனதில்லை. மழை இல்லாத மாதத்திலும், கிணறு வற்றி ஊரே வானத்தைப் பார்த்த வருஷத்திலும் கையில் குடை. யாராவது கேட்டால் ரபாயேல் விடமாட்டார்: "நமக்கு மழை கீழ வந்து சேர நேரமாகும். இவளுக்கு மேலயே ஆரம்பிச்சிரும். அதான் எப்பவும் குடை!" வாசிகசாலை முழுக்கச் சிரிக்கும். மதலேனாவும் சிரிப்பாள்.

குடைப் பிடியின் வளைவுக்குள் சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏறியிருந்தது. புத்தக அட்டைச் சாயம்.

இழுத்து எடுக்க முடிந்தது. திருப்பி வைக்க முடியவில்லை. கிழிந்ததை யார் கையிலும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. குசினிக்குப் பின்னால் உடுப்புக் கொடியை ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டச் சொன்னாள். "நீங்களும் ஒரு நாளைக்கு உடுப்புக் காயப் போடத்தான், தொரைக்கு எட்டணும்ல" என்று அதை வேடிக்கையாக்கினாள். மேல் அடுக்கில் இருந்த சீனிப் போத்தலும் தேயிலை டின்னும் எப்படியோ கீழே வந்து உட்கார்ந்தன. பூசைக்குப் போகும்போது சேலைக் கரை தரையில் இழுபட்டு அழுக்கானது. "துணி நீண்டிருச்சிங்க" என்றாள். சேலை எங்கேயாவது நீளுமா? அதையும் அவர் ரயிலடியில் கதையாகச் சொல்லியிருந்தார்.

பெட்டியின் கால் மாட்டில் அடைத்த வெள்ளைத் துணி ரபாயேலின் கண் முன்னால் வந்தது. பெட்டிக்காரர்கள் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

மறுநாள் காலை பொதிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் இருளாண்டி பாஸ் வீட்டுக்குப் போனார். பாஸுக்கும் இப்போது வயதாகிவிட்டது. முற்றத்தில் உட்கார்ந்து வாளுக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தார். ரபாயேலைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்கய்யா. சனிக்கிழம வெட்டணும்னு ஹாஜியார் சொல்லி அனுப்புனாரு. எனக்கு அந்தத் தட்டுல வாளை வைக்க மனசே இல்ல."

"பாஸ், ஒன்னு கேக்குறேன். மறைக்காமச் சொல்லு. அலுமாரிக்கு அளவு எடுத்தியே. அந்த அளவு சரியா?"

இருளாண்டி வாளைக் கீழே வைத்தார். ரபாயேலின் கையிலிருந்த பொதியைப் பார்த்தார். ஏதோ புரிந்துகொண்ட மாதிரித் தலையைச் சொறிந்தார்.

"அம்மா அன்னைக்கிப் பூசைச் சப்பாத்தோட நின்னாங்க ஐயா. குதி இவ்வளவு." விரலால் மூன்று அங்குலம் காட்டினார். "அளவு எடுத்தப்ப நான் கவனிக்கல. தட்டெல்லாம் ஏத்துன பொறவு ஒரு நாள் அம்மா வெறுங்கால்ல நின்னு எக்குறதப் பாத்தேன். 'எறக்கித் தர்றேம்மா'ன்னு சொன்னேன். 'வேணாம் பாஸ், நான் சப்பாத்துப் போட்டுக்குறேன்'னாங்க. அதான் அவசரமா ஒரு ஏணியும் செஞ்சு கொண்டாந்தேன். நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க."

எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றி வைக்கும் வாசிகசாலையில் மதலேனா மட்டும் பத்தொன்பது வருஷம் சப்பாத்தோடு நடந்தாள். அது கம்பீரம் என்று ரபாயேல் நினைத்திருந்தார். பிறகு ஒரு நாள் தட்டையான ரப்பர்ச் செருப்புக்கு மாறினாள். முதுகு நோவு அப்போதே வந்திருக்க வேண்டும். குடையும் அந்த வருஷம்தான் வந்தது.

"அப்புறம் ஒருக்கா வந்தாங்க," என்றார் இருளாண்டி. "மூணு வருஷம் இருக்கும். இந்தா, இதே எடத்துல ஒக்காந்தாங்க. 'பாஸ், மேல் தட்டை ஒரு சாண் கீழ எறக்க முடியுமா, அவருக்குத் தெரியாம?'ன்னு கேட்டாங்க. புத்தகத்த எல்லாம் எறக்காம ஏலாதும்மான்னு சொன்னேன். 'அந்த ஏணி இன்னும் நம்ம வீட்டுலதான் கெடக்கு, கொண்டாந்து வைக்கவா?'ன்னும் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

இருளாண்டி முற்றத்தைப் பார்த்தார்.

"சொல்லு பாஸ்."

"'ஏணி வந்துட்டா அவரு பேச்சு பொய்யாப் போயிரும் பாஸ். ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு பாவம்'னாங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க ஐயா. எழும்பத்தான் கஷ்டப்பட்டாங்க. கையக் குடுத்துத் தூக்கி விட்டேன்."

ரபாயேல் பொதியை ஒருமுறை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

"அந்த ஏணி எங்க பாஸ்?" என்றார்.

கோழிக்கூட்டில் இருந்தது. இருபத்துமூன்று வருஷமாக இருளாண்டி வீட்டுக் கோழிகள் தலைமுறை தலைமுறையாக அதன் படிகளில் ஏறி உட்கார்ந்து தூங்கியிருந்தன. ஒரு சேவல் இறங்க மறுத்தது. அதைத் துரத்திவிட்டு இரண்டு பேருமாக ஏணியை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். உள்ளே மஞ்சள் நிறப் பலாப் பலகை அப்படியே இருந்தது. அகலமான படிகள், கால் முழுசாக வைக்கலாம். மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. அலுமாரியில் மாட்டிக்கொள்ள இரண்டு கொக்கி. ரபாயேல் முதற்படியில் காலை வைத்தார். ஆட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வாசிகசாலையில், இருளாண்டியும் ரபாயேலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்தார்.

"அல்லாவே! என் கடையில ஒன்பது ஏணியத் தள்ளிப்போட்டு எங்கேருந்து இத எடுத்து வந்தீங்க? கோழி நாத்தம் அடிக்கிதே?"

"இதுக்கு ஆடத் தெரியாது ஹாஜியார்," என்றார் ரபாயேல். அவ்வளவுதான் சொன்னார். இன்னும் ஏதோ வரும் என்று ஹாஜியார் எதிர்பார்த்து நின்றார். வரவில்லை.

கொக்கி தட்டின் விளிம்பில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்தத் தட்டுக்காகவே செய்த கொக்கி. யார் ஏறுவது என்று கேள்வி வரும் முன்னால் ரபாயேல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத் தொடங்கினார். கிருஷாந்தினி ஏணியைப் பிடித்துக்கொண்டு, பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு புத்தகமாக நீட்டினாள்.

முதற்படியில் அவர் நின்றார். அங்கே அவர் கண், மதலேனாவின் கண் இருந்த உயரத்துக்கு வந்தது. வாசிகசாலை அங்கிருந்து வேறு மாதிரி இருந்தது. வாசலைப் பார்த்தபடி போட்ட அவருடைய கதிரை கீழே தெரிந்தது. அதில் உட்காருகிறவனின் பிடரியும் வழுக்கையும் மட்டும்தான் அந்த உயரத்திலிருந்து தெரியும். அவன் கைகளை விரித்து யாருக்கோ எதையோ அளந்து காட்டிக்கொண்டிருப்பான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி குடையைத் தூக்கி, சத்தம் வராமல், ஒரு புத்தகத்தை மெல்ல மெல்ல இழுத்திருக்கிறாள். அவன் சிரிப்பு எழும்பும் நேரம் பார்த்து இழுத்திருப்பாள்.

ரபாயேல் மேலே ஏறினார். தட்டில் நாலு வருஷத் தூசு மெத்தை மாதிரிக் கிடந்தது. அதில் அவள் விரல் பட்ட தடம் ஒன்றும் இல்லை. முன் விளிம்பில் மட்டும் குடைப் பிடி உராய்ந்த கீறல்கள் இருந்தன, பதினேழுக்கு மேல். சில தடவை மாட்டாமல் வழுக்கியிருக்க வேண்டும். தட்டுக்குப் பின்னால் சுவரில், பாஸ் போட்ட பென்சில் கோடு இன்னும் அழியவில்லை. பக்கத்தில் 'அம்மா கை' என்று எழுதியிருந்தது. ரபாயேல் சட்டைக் கையால் தூசைத் துடைத்தார். கோட்டை மட்டும் தொடாமல் துடைத்தார்.

பதினாறு புத்தகத்தைத் திருப்பி வைத்தார். பதினேழாவது மிளகுச் செய்கை. "இத மேசையில வைம்மா. பலாபத்வலைக்காரர் வந்தா கையில குடு," என்றார்.

கிருஷாந்தினி பதிவேட்டில் பதினேழு இடத்திலும் திகதி எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி படத்துக்குக் கீழ போடுற வசனம் அச்சுக்குக் குடுக்கணும். ஆண்டுப் பூசைக்கு முந்தி வேணும்னு சொன்னீங்களே. 'மாத்தளையின் மிக உயர்ந்த நூலகர், ஆறடி இரண்டு அங்குலம்'. அப்படியே போடவா?"

ஹாஜியார் அண்ணாந்து பார்த்தார். இருளாண்டி பார்க்கவில்லை.

"அளவு போடாதம்மா. பேரை மட்டும் போடு."

"அப்ப நெசமா ஆன்ட்டி எவ்வளவு ஒசரம்?"

"கல்யாணத்தப்ப அஞ்சடி எட்டு. தையல்காரி அளந்தா, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"கடைசியில?"

ரபாயேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதும்மா," என்றார். "நான் அளந்து பாக்கல."

பிறகு, "ஏணியப் புடிச்சிக்க, நான் எறங்கணும்," என்று சொல்லிவிட்டு, காலால் கீழ்ப்படியைத் தேடினார்.